போட்டு வா

என் தம்பி தெற்கு மெக்சிக்கோவில் ஆறு மாதம் அலைந்தான். மலையூர், நகரம், கடற்கரை என்று அவன் பார்க்காத இடமில்லை. அந்த ஆறு மாதமும் நான் கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்ற் சமையலறையில், ரெலிபோன் வயர் எட்டும் தூரத்துக்குள் நின்று அவனோடு அலைந்தேன். அவனுக்காவது காலுக்கு வேலை இருந்தது.

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்து அவனை வெளியே எடுத்தாயிற்று. கொழும்பு, மொஸ்கோ, இன்னும் ஏதோ இரண்டு நாடுகள் தாண்டி, குவாத்தமாலா வழியாக மெக்சிக்கோவுக்குள்ளும் வந்தாயிற்று. அங்கிருந்து அமெரிக்கா. அமெரிக்காவில் இருந்து பஃபலோ பாலம். பாலத்தைத் தாண்டினால் நாங்கள். மூன்றே கிழமையில் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்து சோறு தின்னும் என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். எல்லை தாண்டி ஆட்களைக் கொண்டுவருகிறவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஏதோ கந்தோர் போட்டு மேசை வைத்திருக்கிறவர் மாதிரி ஒரு மரியாதையான பெயர். அவருடைய கந்தோர் அஜின்கோர்ட்டில் ஒரு கோப்பிக் கடையின் மூலை மேசை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், இவர், அம்மா. இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகவில்லை, இனிப் பழகப்போவதுமில்லை. இவருக்குப் பிறம்ரனில் ஒரு வேர்ஹவுசில் வேலை. எனக்கு மஃபின் பக்கற் பண்ணுகிற தொழிற்சாலையில் வேலை. அம்மா இரண்டு வருடம் முன்னர்தான் ஸ்பொன்சரில் வந்திருந்தார். மகளிடம் வந்து சேர்ந்த நாளில் இருந்து மகன் எப்போது வருவான் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே கதை.

தம்பி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெலிபோன் எடுப்பான். அங்கே தெருவில் நிற்கும் ரெலிபோன் பெட்டிக்குள் அட்டை போட்டுப் பேச வேண்டும். அட்டையில் நிமிடங்கள் ஓடும், முடியும்போது கீ கீ என்று சத்தம் வரும். ஆகையால் முதலில் நான் பேசுவேன், கடைசி ஒரு நிமிடம் அம்மாவுக்கு. அம்மாவிடம் முதலில் கொடுத்தால் "சாப்பிட்டியோ, என்ன சாப்பிட்டனி, வயித்துக்கு ஒத்துக்கொள்ளுதோ" என்று கேட்டே அட்டையை முடித்துவிடுவார். இது நான் போட்ட சட்டம். அம்மா கதிரையை இழுத்துப் போட்டு என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் அழைப்பு எல்லைக்குப் பக்கத்தில் ஏதோ வெக்கையான ஊரில் இருந்து வந்தது. ஊரின் பெயர் அவன் வாயில் நுழையவில்லை. இரண்டாவது மலையில் இருந்து.

"அக்கா, சரியான குளிர். பைன் மரமும் பனிப்புகாருமா அப்பிடியே நுவரெலியா மாதிரி."

"நீ எப்பயடா நுவரெலியாவுக்குப் போனனி?"

"போகேல்லை. கலண்டரிலை பாத்தனான்."

அப்படித்தான் அவன். இருபத்துநாலு வயதில், அடுத்த வேளைக்கு எங்கே படுப்பது என்று தெரியாத இடத்தில் நின்றும் என்னைச் சிரிக்க வைப்பான். மலையூரில் ஐந்து பேரை ஓர் அறைக்குள் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவராக வெளியே போய் உலாவலாம் என்று அனுமதி. பெண்கள் கம்பளிச் சால்வையில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு சந்தைக்கு வருவதையும், மிளகாயை மலை மலையாகக் குவித்து வைத்திருப்பதையும் சொன்னான். மிளகாய் இருக்கிற ஊரில் பட்டினி கிடக்கமாட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்லச் சொன்னான். தான் வாயைத் திறக்காதவரை அந்த ஊர்க்காரன்தானாம். சனம் அவனிடம் வந்து வழி கேட்கிறதாம். அவனும் ஒரு பக்கம் கையைக் காட்டிவிடுவானாம்.

"அதுகள் எங்கை போய்ச் சேந்துதுகளோ தெரியேல்லை அக்கா," என்றான். நான் சிரித்தேன். அம்மா என்ன என்ன என்று என் கையைச் சுரண்டினார்.

அந்த மலைப்பக்கம் அப்போது ஏதோ கிளர்ச்சி நடந்து, வீதிக்கு வீதி ஆமிக்காரர் பஸ்ஸை மறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமிக்குப் பயந்து ஓடியவனை ஆமி நிற்கிற மலையிலேயே கொண்டுபோய் வைத்த ஏஜென்சியின் மூளையை என்ன சொல்வது! நான் கோப்பிக் கடைக்குப் போய்க் கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும்; இவர் என் கையைப் பிடித்துப் பிடித்து இருத்தினார். ஏஜென்சிக்காரர் கோப்பியை ஊதிக் குடித்துவிட்டு, "தங்கச்சி, அடுத்த கிழமை எடுத்திடுவம்" என்றார். எதைக் கேட்டாலும் அந்த ஒரு பதில்தான். என் தம்பி என்ன பார்சலா?

பிறகு ஒரு ஞாயிறு, "வேறை ஊருக்கு மாத்திப்போட்டாங்கள். பெரிய ரவுண். வஹாக்கா," என்றான்.

"என்னது?"

"வஹாக்கா. உன்ரை பேரிலை ஒரு ஊர் வைச்சிருக்கிறாங்கள் அக்கா."

அடுத்த நாள் வேலை முடிந்து அஜின்கோர்ட் நூலகத்துக்குப் போனேன். அவன் எங்கே நிற்கிறான் என்று கண்ணால் பார்த்தாலாவது நெஞ்சு ஆறும் என்று நினைத்தேன். பெரிய அட்லஸின் பின்பக்கத்தில் டபிள்யூவில் தேடினேன், இல்லை. வி-யில் தேடினேன், இல்லை. எச்-சிலும் இல்லை. என் தம்பி நிற்கிற ஊர் உலகத்திலேயே இல்லை என்று அந்தப் புத்தகம் சொல்லிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நூலகப் பெண்மணி வந்து, நான் சொன்ன சத்தத்தை இரண்டு மூன்று தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, மெக்சிக்கோ வரைபடத்தை விரித்து விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். ஓ, ஏ, எக்ஸ் என்று எழுத்துகள் கிடந்தன. அந்த எழுத்துகளில் இருந்து வஹாக்கா எப்படி வரும் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்துத் தந்தார். அதை ஃபிரிட்ஜில் ஒட்டி, அவன் சொல்கிற ஊர்களைச் சிவப்புப் பேனையால் வளைத்தோம். அம்மா சோற்றுச் சட்டி எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சிவப்பு வளையங்களில் ஒரு விரலை வைத்துவிட்டுப் போவார்.

நகரத்தில் இரண்டு மாதம். பச்சைக் கல்லில் கட்டிய தேவாலயங்கள், மாலையில் சதுக்கத்தில் வாசிக்கிற பாண்ட், வெட்டுக்கிளியைப் பொரித்து விற்கிற கிழவிகள் எல்லாம் ரெலிபோனில் வந்தன. கேட்டால் யாரோ விடுமுறைக்குப் போனவன் கதைப்பது மாதிரி இருக்கும். பஸ் நிலையத்தில் இரண்டு தரம் திரும்பி ஓடிவந்ததையும், அந்த ஐந்து பேரில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனதையும் அவன் எனக்குச் சொல்லவில்லை. அதைக் கூட நின்ற பெடியன் ஒருவனின் வீட்டார் மூலம் அறிந்தேன். கேட்டபோது, "சொன்னா நீ என்ன செய்வாய் அக்கா?" என்றான். உண்மைதான். நான் என்ன செய்வேன்? மஃபின் பக்கற் பண்ணுவேன்.

ஓகஸ்டில் அவர்களை மலையால் இறக்கிக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கொண்டுபோனவன் திரும்பி வரவில்லை. சின்ன மீன்பிடி ஊர். மணலோடு ஒட்டி ஓலை போட்ட சாப்பாட்டுக் கடைகள். ஒரு கடைக்காரப் பெண் மீன் வெட்டவும் கோப்பை கழுவவும் அவனைச் சேர்த்துக்கொண்டு, சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்தாள். முதல்தடவையாக அவன் குரல் தளர்ந்து, நல்ல குரலாக இருந்தது.

"இஞ்சை இருக்கலாம்போலை கிடக்கு அக்கா. நல்ல சனம்."

"விசர்க்கதை கதையாதை. அம்மா இஞ்சை உயிரைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறா," என்றேன்.

அதை நினைத்தால் என் வாயிலேயே போடலாம்போல் இருக்கும். அவன் அங்கே இருந்திருக்கலாம். மீன் வெட்டிக்கொண்டு, ஸ்பானிஷ் கதைத்துக்கொண்டு, உயிரோடு இருந்திருக்கலாம்.

செப்ரெம்பரில் ஒரு ஞாயிறு புதுக்கதை ஒன்று சொன்னான். வீதியெல்லாம் ஆமி என்பதால், ஒரு மீன்பிடிக்காரன் கடலால் வடக்கே கொண்டுபோய் விடுகிறானாம். நாலு பேர், மூன்று நாள். ஏஜென்சியின் ஆள்தான் ஒழுங்கு செய்ததாம்.

"போட்டிலையோ?"

"ஓம் அக்கா, போட்டிலை. என்ன சொல்லுறாய்? போகட்டோ?"

"ஓரடி எடுத்து வைக்காதை. நான் விசாரிச்சுச் சொல்லுமட்டும் அங்கையே இரு. வாற ஞாயிறு சொல்லுறன்."

"சரி. நீ சொன்னாத்தான் போவன்," என்றான். சின்ன வயதில் இருந்தே அவன் என் சொல் கேட்பான். அம்மா சொன்னால் இழுப்பான், நான் சொன்னால் செய்வான்.

அந்தக் கிழமை ஏஜென்சிக்காரரைக் கேட்டேன். கடல் பயணம்தான் இப்போது பாதுகாப்பு என்றார். தொழிற்சாலையில் என் பக்கத்து மேசையில் நின்ற எல் சல்வடோர்காரியையும் கேட்டேன். அவளும் அந்தக் கரையால் வந்தவள். செப்ரெம்பர், கடல், சின்னப் படகு என்று நான் சொல்லி முடிக்க முன்னமே கையுறையோடு நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றாள். புயல் மாதமாம். நான் முடிவெடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை 'போகாதை' என்று சொல்வது. அந்த ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஆறு நாள் வேலை செய்தேன்.

ஞாயிறு வந்தது. அவன் ஒரு மணித்தியாலம் முந்தி எடுத்துவிட்டான். நான் தலைக்கு எண்ணெய் வைத்து முழுகிக்கொண்டிருந்தேன். இவர் கடைக்குப் போயிருந்தார். அம்மா எடுத்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மகன் முழுசாகத் தன் காதுக்குள் வந்திருக்கிறான், அம்மா விடுவாரா? நான் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு ஓடிவர, அம்மா அவனிடம் மீனை எப்படிக் குழம்பு வைக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரிசீவரைப் பறித்தேன். கீ கீ என்று சத்தம் தொடங்கிவிட்டது.

"தம்பி, கேள்..."

"அக்கா, காட் முடியுது. அப்ப நான் வாறன்."

"ஓம், போட்டு வா."

தொடர்பு அறுந்தது.

எங்கள் ஊர்ப்பேச்சு தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் ஒருபோதும் 'போறன்' என்று சொல்லி விடைபெறுவதில்லை. அபசகுனம். வீட்டு வாசலில் நின்றாலும் ரெலிபோனை வைத்தாலும் 'வாறன்' என்போம். கேட்கிறவர் 'போட்டு வா' என்பார். போய்விட்டு வா என்பதன் சுருக்கம். இரண்டும் சேர்ந்தால் 'பை பை' என்பதற்கு மேல் எந்த அர்த்தமும் இல்லை. நான் அப்படித்தான் நினைத்தேன். வாய் பழக்கத்தில் சொல்லிற்று, காது பழக்கத்தில் கேட்டது.

அம்மாவை ஏசினேன். "என்ரை நேரத்தையும் நீங்களே முடிச்சுப்போட்டியள்! மீன்குழம்போ இப்ப பெரிசு?" என்று கத்தினேன். அம்மா கதிரையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனார். எனக்குப் பெரிய பயம் ஒன்றும் வரவில்லை. நான் சொன்னால்தானே போவான். அடுத்த ஞாயிறு சொல்லலாம்.

அடுத்த ஞாயிறு ரெலிபோன் அடிக்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. ஏஜென்சிக்காரரும் தலைமறைவாகிவிட்டார், அவர் இலக்கத்துக்கு அடித்தால் இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் மிகவும் அன்பாகச் சொல்லிற்று. கோப்பிக் கடையின் மூலை மேசையில் வேறு யாரோ இருந்து லொத்தர் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் கிழமை வேலையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. என் கை பக்கற்றை விட்டுவிட்டது, மஃபின்கள் எல்லாம் பெல்ற்றின் முனையில் போய்க் கீழே கொட்டின. அவன் 'அப்ப நான் வாறன்' என்றது விடைபெற்றதா, இல்லை, 'நான் புறப்பட்டு வரட்டுமா' என்று கேட்டதா? முதல் கிழமை 'போகட்டோ' என்று கேட்டவன், பதிலுக்குக் காத்திருந்தவன், அட்டை முடிகிற அந்தரத்தில் கேட்டிருந்தால் அப்படித்தானே கேட்டிருப்பான்? அதற்கு நான் சொன்ன பதில் என்ன? போட்டு வா. எங்கள் வாயில் படகும் போட்டுத்தான். கடகடவென்று இரைகிற வயருக்குள்ளால் அது அவன் காதில் எப்படி விழுந்திருக்கும்?

இதை நான் இவரிடம் மட்டும் சொன்னேன். "விசராக்காதை. அவன் சும்மா வாறன் எண்டிருப்பான்," என்றார். ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பொலிசுக்குப் போனோம், அது தங்கள் நாட்டில் நடந்ததில்லை என்றார்கள். காணாமல் போனவர்களைத் தேடும் ஓர் அலுவலகத்தில் படிவம் தந்தார்கள். கடைசியாக இருந்த முகவரி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், கடற்கரை என்று எழுதினேன். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டுக் கோப்புக்குள் வைத்தாள். நேரே போய்த் தேட என்றால் நாங்கள் அப்போது அகதிப் பயணப் பத்திரத்தில் இருந்தோம், விசா கிடைக்கவில்லை. குடியுரிமை கிடைத்துக் கடவுச்சீட்டு கைக்கு வர இன்னும் இரண்டு வருடம் போயிற்று. அந்த இரண்டு வருடமும் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தார். ஆனால் மணி அடித்தால் எடுக்கமாட்டார். "நீயே எடு பிள்ளை," என்பார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பொறுக்க முடியாமல் இருந்தது.

தொண்ணூற்றெட்டு பெப்ரவரியில் போனோம். ரொறன்ரோவில் பனி கொட்டும்போது சனம் வெயில் காயப் போகிற மலிவு விடுமுறைப் பொதி ஒன்றில், இரண்டு கிழமைக்கு. பிளேனுக்குள் எல்லோரும் தொப்பியும் சிரிப்புமாக இருந்தார்கள். என் மடியில் தம்பியின் படம். அம்மா அவனுக்கென்று இரண்டு சேட்டும் ஒரு போத்தல் மிளகாய்த்தூளும் கட்டித் தந்திருந்தார். மிளகாய்த்தூளை அங்கே சுங்கத்தில் எடுத்துவிட்டார்கள். அந்த அதிகாரி மூடியைத் திறந்து மணந்து பார்த்துத் தும்மினது நினைவிருக்கிறது.

கோட்டலில் கையில் பிளாஸ்ரிக் பட்டி ஒன்றைக் கட்டி, எவ்வளவும் சாப்பிடலாம், எவ்வளவும் குடிக்கலாம் என்றார்கள். அவன் நின்ற கடற்கரை ஊரின் பெயர் எங்களுக்குத் தெரியாது; பெயர் தெரிந்த வஹாக்காவில் இருந்தே தேடுவோம் என்று, நாங்கள் அடுத்த நாள் விடியவே பஸ் எடுத்து மலைக்கு ஏறிவிட்டோம். அந்த வளைவுகளில் நான் வயிற்றில் இருந்ததையெல்லாம் எடுத்தேன். எல் சல்வடோர்காரி சொல்லித் தந்த வசனத்தைத் தமிழ் எழுத்தில் ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தேன். ஆ விஸ்தோ ஆ எஸ்தே முச்சாச்சோ? எஸ் மி எர்மானோ. இந்தப் பெடியனைக் கண்டீர்களா? என் தம்பி. வஹாக்காவின் சதுக்கத்தில், பச்சைக் கல்லுத் தேவாலய வாசலில், வெட்டுக்கிளிக் கிழவிகளிடம் எல்லாம் கேட்டேன். கேள்வி கேட்க எனக்குத் தெரிந்தது, பதில் வந்தால் விளங்கத் தெரியவில்லை. யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லவில்லை. படத்தை இரு கையாலும் வாங்கிப் பார்த்து, யோசித்து, ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டினார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போனோம். அங்கே இன்னொருவர் வேறு பக்கம் காட்டினார்.

மலையூருக்கும் போனோம். போகும் வழியில் ஆமிக்காரன் ஒருவன் பஸ்ஸில் ஏறினான். இவர் கனடா கடவுச்சீட்டை நீட்டினார். அவன் "கானடா!" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனான். குளிரிலும் இவருக்கு வேர்த்துவிட்டது. ஊர் அவன் சொன்னபடியே இருந்தது. பைன் மரம், புகார், மிளகாய் மலை. எந்த அறையில் அவனை வைத்திருந்தார்கள் என்று எந்தக் கதவைத் தட்டிக் கேட்பது? நான் சந்தை நடுவில் நின்று அழுதேன். கம்பளி விற்கிற ஒரு பெண் எழும்பி வந்து என்னைத் தன் முக்காலியில் இருத்தினாள்.

எட்டு நாள் கழித்துக் கடற்கரைக்கு இறங்கினோம். அந்தக் கரையோரத்தில் மீன்பிடி ஊர்கள் நிறைய. நாலாவது ஊரில், ஓலை போட்ட ஒரு கடையில், என் வயதுக்காரி ஒருத்தி மீனில் உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். துண்டை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை, படத்தைப் பார்த்தாள். உப்புக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"வாறான்!"

நான் திரும்பிப் பார்த்தேன். இவரும் திரும்பினார். தெளிவான தமிழ். அவன் வருகிறான் என்கிறாள். பின்னால் வெயிலும் மணலும் இரண்டு நாய்களும்தான். அவள் திரும்பவும் படத்தில் விரலை வைத்து, "வாறான், வாறான்," என்றாள். நான் மணலில் கொஞ்சத் தூரம் ஓடிக்கூடப் பார்த்தேன். கடவுளே, நான் ஓடினேன்.

பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்கார அன்ரி ஒருவர் எழும்பி வந்தார். வன்கூவர்க்காரி, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, அங்கேயே தங்கிவிட்டவர். அவர்தான் கேட்டு ஆங்கிலத்தில் சொன்னார். வாறான் என்பது அவனுடைய பெயராம். கடையில் இருந்து எங்கே போனாலும், ரொட்டி வாங்கப் போனாலும் கடலில் குளிக்கப் போனாலும், வாசலில் நின்று 'வாறன்' என்று சொல்லிவிட்டுத்தான் போவானாம்; அவர்கள் வாயில் அது வாறான் என்று நீண்டுவிட்டது. தன் பெயரைச் சொல்கிறான் என்று நினைத்து அவர்கள் அதையே கூப்பிட்டார்களாம். அவனும் திருத்தவில்லையாம், சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பானாம்.

நான் இருந்துவிட்டேன். அவள் எனக்குத் தண்ணீர் தந்து, பக்கத்தில் இருந்து, அன்ரி சொல்லச் சொல்லக் காத்திருந்து மிச்சத்தையும் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ரெலிபோன் எடுத்துவிட்டு ஓடி வந்தான். ஒரு கிழமையாக முகம் தொங்கிக் கிடந்தவன் அன்றைக்குத்தான் சிரித்தான். அவள் கடல் சரியில்லை, போகாதே என்றாள். அவன் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டி, "எர்மானா, சி! எர்மானா, சி!" என்றான்.

அன்ரி அதை மொழிபெயர்க்கத் தொடங்கினார். தேவையிருக்கவில்லை. எர்மானோ தம்பி என்றால் எர்மானா யார் என்று எனக்குத் தெரியும். அக்கா ஓம் என்றுவிட்டா. அக்கா ஓம் என்றுவிட்டா.

அடுத்த நாள் விடிய நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு படகு போயிற்று. இரண்டாம் நாள் காற்று எழும்பிற்று. படகுக்காரனும் திரும்பி வரவில்லை. அவன் மனைவி ஒரு வருடம் பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். கடைக்காரி என் கன்னத்தைத் தடவி, தன் கையில் இருந்து என் முகத்தில் பட்ட உப்பைச் சமையல் ஏப்ரனால் துடைத்தாள். இவர் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார், தோள் இரண்டும் குலுங்கின.

ரொறன்ரோவுக்கு வந்து இறங்கினோம். பிளேனில் வரும்போது முழுநேரமும் யோசித்தேன், அம்மாவிடம் என்ன சொல்வதென்று. படகு என்று சொன்னால் காற்றைச் சொல்ல வேண்டும். காற்றைச் சொன்னால், அன்றைக்கு ரெலிபோனில் என் 'போகாதை' போய்ச் சேராத கதையைச் சொல்ல வேண்டும். அம்மா அதைத் தன் மீன்குழம்பில்தான் கொண்டுபோய் வைப்பார். என் வாயால் வந்தது என்று சொன்னாலும் நம்பமாட்டார். நான்தானே அவரை ஏசினேன். இவரிடம் கேட்டேன். "எனக்குத் தெரியேல்லையப்பா," என்றார்.

அப்பார்ட்மென்ற் கதவைத் திறந்த அம்மா முதலில் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் நீண்டு கிடந்த நடைபாதையைப் பார்த்தார். பிறகுதான் வழிவிட்டார்.

"காணேல்லையோ?"

"காணேல்லை அம்மா. ஆனா ஒரு மனுசி அவனைக் கண்டிருக்கிறா. சாப்பாட்டுக் கடை. அவனை நல்லா வைச்சுப் பாத்திருக்கிறா."

"மெலிஞ்சிருந்தவனாமோ?"

"இல்லையாம். நல்லாச் சாப்பிட்டவனாம்."

அம்மா என் கோட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அங்கையிருந்து வெளிக்கிடேக்கை என்ன சொல்லிப்போட்டுப் போனவனாம்?"

இவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பொய் ஒன்றும் தயாராக இருக்கவில்லை.

"வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவனாம்."

"வாறன் எண்டோ?"

"ஓம் அம்மா. அவையளுக்கும் அந்தச் சொல்லு பாடம்."

அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. இரண்டரை வருடமாக நான் காணாத முகம். "அப்ப வருவான்," என்றார். "சொன்னவன் எண்டால் வருவான். அவன் என்னட்டைச் சொல்லேல்லை, காட் முடிஞ்சிட்டுது. அந்த மனுசியிட்டை எண்டாலும் சொல்லியிருக்கிறான்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார், "நான் அண்டைக்கு ரெலிபோனைக் கனநேரம் வைச்சிருந்ததாலை ஒண்டும் பிழைக்கேல்லைத்தானே பிள்ளை?"

"இல்லை அம்மா. அதாலை ஒண்டுமில்லை."

அம்மா கோட்டைக் கொழுவிவிட்டுச் சமையலறைக்குப் போனார். மூன்று பேருக்கும் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்து, தானும் எங்களோடு இருந்து, குழைத்து வயிறாரச் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை.